எங்கள் ஆலையில் குளோரின் சிலிண்டரே கிடையாது

2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் ஒரு விடியற்காலையில் நான் குளோரின் வாயுவைச் சுவாசித்தேன். அப்போது ஒரு தொழிற்பேட்டையிலிருந்த நடுத்தர ரசாயன ஆலையில், ஒப்பந்தத் தொழிலாளியாக நீர் சுத்திகரிப்புப் பிரிவின் இரவு ஷிஃப்டைக் கவனித்துவந்தேன். அந்த ஆலையில் குளோரின் சிலிண்டர் ஒன்றுகூடக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்த பாதுகாப்பு வகுப்பில் தீயைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் உயரத்தில் ஏறி வேலை செய்வதைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். விஷவாயுவைப் பற்றிக் கேட்டபோது, நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுகள் நானும் அதை நம்பியிருந்தேன். இருப்பில் இல்லாத ஒரு வாயு நான்கே நிமிடங்களில் எப்படி உண்டாகும் என்பதையும், அதன் பிறகு ஒரு மனிதன் என்னென்ன செய்ய வேண்டும், எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதையும் எனக்கு முன்கூட்டியே சொல்ல யாரும் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் பின்புறத்தில் நான்கு தொட்டிகள் வரிசையாக நின்றன. காஸ்டிக் சோடா, ஹைப்போ, ஹைட்ரோகுளோரிக் ஆசிட், படிக்காரக் கரைசல் என்ற நான்கும் கழிவுநீரையும் குளிர்விக்கும் நீரையும் பக்குவப்படுத்த அன்றாடம் தேவைப்படுபவை. ஹைப்போ என்று நாங்கள் சொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை. நான்கு தொட்டிகளும் ஒரே அளவு, ஒரே கறுப்புப் பிளாஸ்டிக், ஒரே தடுப்புச் சுவருக்குள். டேங்கர் லாரியிலிருந்து நிரப்புவதற்கான நான்கு குழாய்களும் சாலையோரச் சுவரில் முழங்கை நீள இடைவெளியில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஹோஸை மாட்டும் கப்ளிங்கும் நான்குக்கும் ஒரே அளவு. குழாய்களுக்கு மேல் எழுதியிருந்த பெயர்களை ஆசிட் புகை எப்போதோ அரித்துத் தின்றுவிட்டது. ஒரு காலத்தில் பூட்டுகள் இருந்ததற்கு அடையாளமாக வளையங்கள் மட்டும் துருப்பிடித்துத் தொங்கின. இவற்றையெல்லாம் நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ஒருநாளும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றுவரை என்னை விடவில்லை.

அன்று காலை ஆறே கால் மணிக்கு ஆசிட் டேங்கர் வந்தது. வழக்கமாகச் சரக்கு இறக்குபவர் பகல் ஷிஃப்டில் எட்டு மணிக்குத்தான் வருவார். ஓட்டுநரோ இன்னொரு ஊருக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருந்தார். எங்கள் ஆலைக்கு அவர் வருவது அதுவே முதல் முறை. சூப்பர்வைசர் தொலைபேசியில் அழைத்து, "நீயே குழாயைக் காட்டிவிடு" என்றார். நான் அப்போது தொட்டிகளுக்குப் பின்னால், தெளிவிப்புத் தொட்டியின் நடைமேடையில் நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓட்டுநர், "தம்பி, எந்தப் பைப்பு?" என்று கேட்டார். "இடது பக்கத்திலிருந்து ரெண்டாவது அண்ணே" என்று மேலிருந்தபடியே சொன்னேன். நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து இரண்டாவது, ஆசிட் தொட்டி. அவர் எனக்கு எதிரே, சாலைப் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து இடமிருந்து இரண்டாவது, ஹைப்போ தொட்டி. நான் பத்துப் படிகள் இறங்கிப் போய்க் குழாயைக் கையால் தொட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. சக்கரம் பொருத்திய பொது பம்ப்பை இழுத்துவந்து, ஹோஸை மாட்டி, ஸ்விட்சைப் போட்டார்கள். ஆசிட், ஹைப்போவுக்குள் இறங்கத் தொடங்கியது.

இந்த இடத்தில் வேதியியலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹைப்போவைத் தயாரிப்பதே குளோரின் வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் செலுத்தித்தான். அதில் ஆசிட் பட்டால் அந்தச் செயல் அப்படியே திரும்பி நடக்கும். உள்ளே கட்டுண்டிருந்த குளோரின் வாயுவாக வெளியேறும். பத்து சதவீத ஹைப்போ என்று சீட்டில் எழுதியிருந்தால், ஆயிரம் லிட்டரில் ஏறக்குறைய 100 கிலோ குளோரின் அடங்கியிருக்கிறது என்று பொருள். குடிநீர் நிலையங்களில் டன்னர் என்று அழைக்கப்படும் பெரிய குளோரின் உருளையில் இருப்பது சுமார் 900 கிலோ. அதாவது ஒன்பதாயிரம் லிட்டர் ஹைப்போத் தொட்டி என்பது, வெளியே சொல்லாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு டன்னர். டன்னர் இருக்கும் இடத்தில் முகக் கவசமும் வாயு உணரியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறார்கள். எங்கள் தொட்டியைச் சுற்றி ஒரு வேலிகூட இருக்கவில்லை. ஆபத்தான ரசாயனங்களைச் சேமிப்பது குறித்த இந்தியாவின் 1989ஆம் ஆண்டு விதிகள், குளோரின் போன்ற பொருள்களுக்கு ஒரு வரம்பு அளவை வைத்து, அதற்கு மேல் வைத்திருக்கும் ஆலைகளிடம் அவசரகாலத் திட்டம் கேட்கின்றன. ஒரு பொருள் இன்னொன்றோடு தவறிக் கலந்தால் பிறக்கக்கூடிய வாயு, இருப்புக் கணக்கில் வராது. எந்த ஆலையிலும் இருப்புப் பட்டியலைப் பார்த்து மட்டும் நிம்மதியடைய வேண்டாம். பட்டியலிலுள்ள எந்த இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள்.

ஓரிரு நிமிடத்தில் தொட்டியின் மேல்மூச்சுக் குழாயிலிருந்து சீறல் கேட்டது. பிறகு மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு புகை எழுந்தது. மேலே போகாமல் தொட்டியின் உடலைத் தழுவியபடியே வழிந்து இறங்கியது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அதோடு, விடியற்காலையில் காற்று அதிகம் அசையாமல் தரையோடு படிந்திருப்பதால், வெளியேறிய வாயு கலைந்து மேலேறாமல் தாழ்வான இடம் தேடிப் போகும். இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. பம்ப்பை நிறுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு நடைமேடையிலிருந்து இறங்கி, முகத்தில் எதுவும் இல்லாமல், புகை இறங்கும் இடத்துக்கே ஓடினேன். ஸ்விட்ச் பம்ப்பின் மேலேயே இருந்தது. அதற்கு ஆறேழு அடி முன்பாக ஒரு மூச்சு உள்ளே போனது. நெஞ்சுக்குள் யாரோ சுண்ணாம்பு நீரை ஊற்றியது போல இருந்தது. கண் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் இருமல், இருமினால் இன்னொரு மூச்சு. நான் ஸ்விட்சைத் தொடவே இல்லை.

பம்ப்பை நிறுத்தியவர், நூறு அடிக்கு அப்பால் மின் அறையில் இருந்த எலக்ட்ரீஷியன். சன்னல் வழியே புகையைப் பார்த்தவுடன், எது எதற்கான இணைப்பு என்றுகூடப் பாராமல் அந்தப் பகுதி முழுவதற்கும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார். அவருடைய அந்த ஒரு செயல்தான் எங்களையும் சுற்றுச் சுவருக்கு வெளியே இருந்தவர்களையும் காப்பாற்றியது. சரக்கு இறக்கும் பம்ப்பின் அவசர நிறுத்தம் பம்ப்பின் மேலேயே இருந்தால், தேவைப்படும் நேரத்தில் அதை யாராலும் நெருங்க முடியாது. தொலைவில், காற்றின் இருவேறு பக்கங்களில், இரண்டு நிறுத்தப் பொத்தான்களாவது இருக்க வேண்டும்.

அடுத்த பிழை, நான் ஓடிய திசை. தீப்பயிற்சியில் வாசலருகே கூடச் சொல்லிப் பழக்கியிருந்ததால் வாசலை நோக்கி ஓடினேன். மெல்லிய காற்றும் வாசலை நோக்கியே வீசியது. சாலையும் அந்தப் பக்கம்தான் சரிந்திருந்தது. நான் ஓட ஓட வாயுவும் என்னுடனேயே வந்தது. காற்றின் திசை காட்டும் துணிக்குழல் நிர்வாகக் கட்டடத்தின் மாடியில் இருந்ததால் எங்கள் பிரிவிலிருந்து அது தெரியாது. வாசலுக்கு வெளியே தேநீர்க் கடையில் நின்றிருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிதறினார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் போகவில்லை என்பது எனக்கு இன்றும் பெரிய வருத்தம். வாயு கசிந்தால் அது செல்லும் திசைக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கமாக மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். குனியவோ படுக்கவோ பள்ளத்தில் ஒதுங்கவோ கூடாது. தீப்புகைக்குச் சொல்லும் ‘தவழ்ந்து செல்’ என்ற பாடம் குளோரினுக்கு நேர்மாறானது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது தப்பி ஓடும் சில நொடிகளுக்கு ஓரளவு உதவலாம். அதை நம்பி வாயுவுக்குள் நுழையக் கூடாது. முகக் கவசங்கள் எங்களிடமும் இருந்தன. பாதுகாப்பு அலுவலரின் அறையில், பூட்டிய அலமாரியில் இருந்தன. சாவி பகல் ஷிஃப்டில் வருபவரிடம்.

முதலுதவி அறையில் முகத்தில் தண்ணீர் அடித்து, சிறிது நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருமல் தணிந்தது. தேநீர் குடித்தேன். சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அதே உடையோடு பேருந்தில் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அந்த ஊரில் எனக்கு உறவினர் யாரும் இல்லை. அறையில் உடன் தங்கியிருந்தவரும் ஊருக்குப் போயிருந்தார். இரவு பதினொரு மணிக்கு விழித்தபோது மல்லாந்து படுத்தால் மூச்சு விட முடியவில்லை. நெஞ்சுக்குள் நீர் தளும்புவது போன்ற சத்தம் எனக்கே கேட்டது. மாடிப்படிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் என்னைத் தூக்கி ஏற்றி, அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அம்மாவிடம் சொல்லாமலே செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

குளோரினைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, சில வேளைகளில் ஒரு முழு நாளுக்குள்ளாகவும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பதை மறுநாள்தான் மருத்துவர் எனக்கு விளக்கினார். இடையில் வரும் நிம்மதி ஏமாற்றக்கூடியது. ஆகவே ஒரு முறை மூச்சு அடைத்து இருமியவர் யாராக இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போய், கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். தனியாக உறங்கவோ, படியேறவோ, வேலைக்குத் திரும்பவோ கூடாது. உடையைக் களைந்து, உடலைக் கழுவி, கண்ணைக் குறைந்தது கால் மணி நேரமாவது ஓடும் நீரில் அலச வேண்டும். இன்னொன்று, எனக்கு நேர்ந்தது. என்ன ஆயிற்று என்று பணி மருத்துவர் கேட்டபோது "கேஸ் அடிச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். சமையல் வாயு என்று நினைத்து அவர் அந்தத் திசையிலேயே சிறிது நேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். குளோரின் என்ற ஒரு சொல்லை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதோடு சொல்லியிருந்தால் அந்த நேரம் வீணாகியிருக்காது. டேங்கரின் சீட்டையும் தொட்டியின் பெயரையும் ஒரு படம் எடுத்துச் செல்பேசியில் வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் பேச முடியாத நிலையிலும் அது பேசும்.

நான்கு நாள்கள் ஆக்ஸிஜனில் இருந்தேன். மருத்துவமனைச் செலவு 1,12,400 ரூபாய். என் மாதச் சம்பளம் 16,200. அக்கா தன் வளையல்களை அடகு வைத்துப் பணம் அனுப்பினார்; அதை மீட்க எனக்கு இரண்டரை ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சந்தா பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெற்றவர்கள் அதற்குள் வந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். பணியிட விபத்தால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இதெல்லாம் அட்டை கையில் இருந்தும் எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு, விபத்துப் பதிவேட்டில் என் பெயர் ஏறாமல் போனது. நானே நடந்து வெளியே போனதால் அன்றைக்கு அதை விபத்தாக எழுதவில்லை; ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவில் நான் வேலைக்குப் போக முடியாத நாற்பத்தொரு நாள்களும் ‘விடுப்பு’ என்றே இருந்தன. பிறகு மருத்துவ அறிக்கையையும், உடன் பாதிக்கப்பட்ட ஓட்டுநர் அண்ணன் மனமுவந்து எழுதிக்கொடுத்த கடிதத்தையும், அன்றைய வாசல் பதிவின் நகலையும் சேர்த்துப் பதினோரு மாதங்கள் அலைந்தேன். அந்த நாள்களுக்காகக் கிடைத்தது இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான தொகை. மருத்துவச் செலவில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. எவ்வளவு சிறிய பாதிப்பாகத் தோன்றினாலும், வாசலைத் தாண்டும் முன் பதிவேட்டில் பெயர், நேரம், வாயுவின் பெயர் ஆகியவற்றை எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கமாக இருந்தால் உடன் வேலை செய்பவரிடம் சொல்லுங்கள்.

உடல் தேறிக்கொண்டிருந்த நாள்களில், இப்படி வேறெங்கேனும் நடந்திருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்ற ஊரில் 2016 அக்டோபர் 21 அன்று நடந்ததைப் படித்தபோது கை நடுங்கியது. டேங்கரில் வந்த சல்பூரிக் ஆசிட் ஹைப்போத் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. இரண்டு நிரப்புக் குழாய்களுக்கும் இடைவெளி 18 அங்குலம். ஒன்றைப் போலவே மற்றொன்று. ஊழியர் சரியான குழாயின் பூட்டைத்தான் திறந்துவிட்டார். ஆனால் பக்கத்துக் குழாயும் பூட்டப்படாமல் இருந்தது. வாயு எழுந்தபின் ஓட்டுநரால் வால்வை நெருங்க முடியவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குள்ளும் வாயு புகுந்ததால் அங்கிருந்தவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 140க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினார்கள். ஏறத்தாழ 11,000 பேர் வீடுகளுக்குள் அடைந்திருக்கவோ ஊரை விட்டு விலகவோ நேர்ந்தது. அந்நாட்டின் ரசாயனப் பாதுகாப்பு விசாரணை வாரியம் அதை ஆராய்ந்து, குழாய்களின் அமைப்பையும் பூட்டு முறையையும் அவசர நிறுத்தத்தையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. எங்கள் விபத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முன்பே அது நடந்திருந்தது. எங்கள் ஆலையிலோ, ஓட்டுநர் கவனமில்லாதவர், ஷிஃப்ட் பையன் அவசரக்காரன் என்று எங்கள் மேல் எழுதி முடித்தார்கள். என் தவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் இடம் வலம் மாறிச் சொல்வதும், இன்னொருவர் புது இடத்தில் தடுமாறுவதும் நாளும் நடக்கக்கூடியவை. அப்படி நடந்தாலும் ஹோஸ் மாட்ட முடியாதபடி குழாய் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஆசிட்டுக்கும் ஹைப்போவுக்கும் வெவ்வேறு அளவில், ஒன்று மற்றொன்றோடு பொருந்தாத கப்ளிங்குகளை வைக்கலாம். நிரப்புக் குழாய்களைத் தொட்டி வளாகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு தொட்டிகளுக்கும் தனித்தனித் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், ஏனெனில் ஒரே சுவருக்குள் இரண்டும் கசிந்தால் அங்கேயும் இதே வாயுதான். ஒவ்வொரு குழாய்க்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. சாவியை வைத்திருப்பவரே குழாயருகே வந்து திறந்து, ஹோஸ் மாட்டுவதைப் பார்த்து, ஓட்டுநரோடு சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அவர் வரும்வரை டேங்கர் காத்திருக்கட்டும். பெயரை அரிக்காத தகட்டில் தமிழிலும், வெளிமாநில ஓட்டுநர்கள் வருவதால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்க வேண்டும். குழாயைத் தொட்டே காட்ட வேண்டும். இடது, வலது, இரண்டாவது என்ற சொற்களைச் சரக்கு இறக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது.

குழாய் சரியாக இருந்து, டேங்கரில் வந்த சரக்கு மாறியிருந்தாலும் விளைவு இதுவே. சந்தைக்கு வரும் ஆசிட் பெரும்பாலும் இளமஞ்சளாக இருக்கும்; ஹைப்போவும் பசுமை கலந்த மஞ்சள். எடையிலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஆசிட்டா காரமா என்பதை நிறத்தால் காட்டும் பி.எச். தாள் பொய் சொல்லாது. கையுறையும் முகக் கவசமும் அணிந்து எடுத்த ஒரு சிறு மாதிரியில் நனைத்தால், ஆசிட்டில் தாள் சிவக்கும். ஹைப்போவில் நீலமாகி உடனே வெளுத்துவிடும். ஒரு தாள் கட்டின் விலை ஒருவேளைச் சாப்பாட்டைவிட அதிகமில்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் கழிப்பறை கழுவுபவர்களுக்கும் இது பொருந்தும். ஹைப்போவின் இனத்தைச் சேர்ந்த பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றினால் கதவு மூடிய அந்தச் சிறிய அறைக்குள் எழுவதும் இதே குளோரின்தான்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான பணிகளில் இருப்பவர்களுக்கு ஓர் உரிமையை எழுதினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து வரக்கூடும் என்று நியாயமாக அஞ்சினால், தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளரின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம் என்றது அந்தப் பிரிவு. அரித்துப்போன பெயர்களையும் பூட்டில்லாத வளையங்களையும் இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கொடுக்க இடம் இருந்தது. எழுதிக் கொடுத்தால் அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். விபத்துக்கு முன் எனக்கு ஆஸ்துமா கிடையாது. அதன் பிறகு பதினான்கு மாதங்கள் இன்ஹேலர் பயன்படுத்தினேன், மாதம் 1,850 ரூபாய். ஒரே ஒரு முறை நிறையச் சுவாசித்த எரிச்சலூட்டும் வாயுவால்கூட மூச்சுக்குழல்கள் இப்படிச் சுருங்கும் தன்மையைப் பெற்றுவிடலாம் என்று நுரையீரல் மருத்துவர் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகும் இருமலோ இளைப்போ இருந்தால், ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் சோதனையைச் செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நான் முதல் சோதனையை எட்டு மாதம் தள்ளிப்போட்டதால், விபத்தை ஒட்டிய அளவு எதுவும் என்னிடம் இல்லை. மார்கழிக் குளிரில் மாடியேறினால் இப்போதும் மூன்றாவது தளத்தில் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ஓட்டுநர் அண்ணன் ஆசிட் லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு ஒருமுறை பேசுவோம். அந்தத் தொட்டிகளுக்கு நடுவே இப்போது சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்று போன முறை அவர்தான் சொன்னார்.